மஞ்சள் தடவிய பத்திரிகைகள்

மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் என் மகள் வீட்டை ஒதுக்க ஆரம்பித்தாள். பீரோவிலிருந்த சேலைகளை எடுத்து, யாருக்கு எது என்று தனித்தனியாக அடுக்கினாள். மீந்துபோன மாத்திரை அட்டைகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து, இரண்டு தகரப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். கனத்தைப் பார்த்துப் பாத்திரம் என்று நினைத்திருப்பாள். திறந்தால் உள்ளே முழுக்கப் பத்திரிகைகள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா என்று, எங்களுக்குக் கல்யாணமான காலத்திலிருந்து வீடு தேடி வந்த அழைப்பிதழ்கள் எல்லாம் அதில் இருந்தன.

“என்னப்பா இது? அம்மா ஒன்னக்கூடத் தூக்கிப் போடலயா?”

“சாமி படம் போட்டிருக்குல்ல, எப்படித் தூக்கிப் போடுறதுன்னு கேப்பா.”

ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது அந்தப் பெட்டிகள் வெளியே வரும். ஆத்தூர் அணைப் பக்கம் போகும்போது தண்ணீரில் விட்டுவிடலாம் என்பாள். அணைப் பக்கம் நாங்கள் போனபோதெல்லாம் பெட்டிகள் வீட்டில்தான் இருந்தன. சுண்ணாம்பு காய்ந்ததும் அவை மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

“பழைய பேப்பர்காரர் வந்தா போட்டுருவோம்பா. கரையான் ஏறிரும்.”

“இருக்கட்டும்மா. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பெட்டிகளைப் பழைய இடத்துக்கே தள்ளினாள். இரண்டு நாள் கழித்துத் திருப்பூருக்குக் கிளம்பினாள். அங்கேதான் அவளுக்குக் குடும்பம், வேலை எல்லாம்.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். திண்டுக்கல்லிலிருந்து பழனி, வத்தலக்குண்டு, நத்தம் என்று என் வாழ்நாளில் பாதி பஸ்ஸில் நின்றுகொண்டே போனது. வழியில் எந்த ஊரில் எத்தனை மணிக்கு யார் ஏறுவார்கள் என்று சொல்லிவிடுவேன். ஆனால் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வழி தெரியாது. முகூர்த்த நாள் என்றால் பஸ்ஸில் கூட்டம் நெரியும், லீவு கிடைக்காது. அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எல்லா விசேஷத்துக்கும் அவள்தான் போய் வந்தாள். அவள் வழியில் சித்தையன்கோட்டை, என் வழியில் சாணார்பட்டி, இரண்டு பக்கமும் சொந்தம் பெரிது. வாரத்துக்கு ஒன்றாவது இருக்கும். திரும்பி வந்து பட்டுச்சேலையை மடித்துக்கொண்டே, யார் வந்தார்கள், யார் யாரோடு பேசவில்லை, ரசம் எப்படி இருந்தது என்றெல்லாம் சொல்வாள். நான் காலை நீட்டி உட்கார்ந்து, பாதி கேட்டும் பாதி கேட்காமலும் தலையாட்டுவேன்.

ஒரு காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தவள், கை கனக்குது என்று சொல்லிச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண்ணை மூடியே கிடந்தாள். அவ்வளவுதான்.

மகள் போன பிறகு நான் வெளியே அதிகம் போகவில்லை. பக்கத்து வீட்டு பாய் பஸ் ஸ்டாண்டு அருகே பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய வீட்டம்மா மதியத்தில் சுவர் ஓரமாக நின்று கூப்பிடுவார். “அண்ணே, வெஞ்சனம் மட்டும் கொண்டாந்திருக்கேன். சோறு நீங்க வடிச்சிருப்பீங்கல்ல?” வடித்திருக்க மாட்டேன். அவர் கேட்டுவிட்டாரே என்று போய் உலை வைப்பேன். அந்த நாட்களில் நான் ஒழுங்காகச் சாப்பிட்டதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

மனைவியின் போனை நான் அணைக்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டு வைத்தேன். அதில் அவளைக் கேட்டு அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. எடுத்ததும், “அத்தை, வர்ற தை மாசம் பாப்பாவுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்” என்று படபடவென்று பேசுவார்கள். நான் குரல் கொடுத்ததும் அந்தப் பக்கம் நின்றுவிடும். தெரிந்தவர்களாக இருந்தால், “பழக்கத்துல அவங்க நம்பருக்கே போட்டுட்டேன், மாமா” என்பார்கள். தெரியாதவர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்படிப் பேசிய ஒரு பெண்ணும் அவளுடைய வீட்டுக்காரரும் ஒருநாள் காலையில் தாம்பாளத்தோடு பத்திரிகை வைக்க வந்தார்கள். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு, அதன்மேல் பத்திரிகை. தம்பதியாக நிற்க வைத்துக் கொடுப்பதுதான் வழக்கம். நான் ஒற்றையாக நின்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண் தாம்பாளத்தை என் பக்கம் நீட்டி, “மாமா, அத்தை இருந்தா முன்னாடி நாளே வந்து நிப்பாங்க. நீங்க கட்டாயம் வரணும்” என்றாள்.

வருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். காபி போட்டுக் கொடுத்தேன். அவர்கள் போகும்வரை, அந்தப் பெண் எனக்கு எந்த வழியில் உறவு என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

அன்றுதான் பெட்டிகளை நானாக வெளியே இழுத்தேன். புதுப் பத்திரிகையில் இருந்த பெயர்களை வைத்துக்கொண்டு பழையவற்றில் தேடினேன். ஒரு பகல் முழுக்கத் தரையில் உட்கார்ந்து புரட்டினேன். அடியில் இருந்தவை மெல்லிய ரோஸ் தாளில் சிவப்பு மையால் அடித்தவை. அதற்கு மேல் கெட்டி அட்டை, பொன்னிறப் பிள்ளையார். இன்னும் மேலே வந்தால் வெல்வெட் ஒட்டியவை, ஜிகினா உதிர்பவை, மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோவில் சிரிப்பவை. எதுவாக இருந்தாலும் நாலு மூலையிலும் மஞ்சள் இருந்தது. கடைசியில் அந்தப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. பெண்ணின் தகப்பனார் பெயரைப் பார்த்ததும் புரிந்தது. அவர் என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். காலமாகிப் பல வருடம் ஆகிறது. ஒருமுறை பழனி பஸ்ஸில் ஏறியவர், டிக்கெட் வாங்காமல் என்னை மாப்ள என்று கூப்பிட்டுச் சிரித்தார். அவர் யாரென்று அப்போது எனக்குத் தெரியவில்லை. டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மொய்க் கவர் வாங்கக் கடைக்குப் போனேன். அங்கிருந்த கவர்களில் எல்லாம் அன்பளிப்பு என்ற எழுத்துக்குக் கீழே, திரு, திருமதி என்று அச்சடித்துப் பக்கத்தில் கோடு போட்டிருந்தது. வேறு மாதிரி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் இன்னொரு கட்டை எடுத்துப் போட்டார். அதிலும் அப்படித்தான். “பேர் எழுதுறதுக்குத்தானே சார். ஒன்ன அடிச்சுட்டா முடிஞ்சுச்சு” என்றார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் வாங்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் அந்தப் பழைய பத்திரிகை மேஜை மேல் கிடந்தது. எடுத்து மடித்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தை உள்ளே தள்ளி, இரண்டு ஓரத்தையும் ஒட்டினால் கவர் வந்துவிடும் போலிருந்தது. கொஞ்சம் மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிப் பசை செய்தேன். மனைவி பூக்கட்டும்போது நூல் வெட்ட வைத்திருந்த கத்திரியை எடுத்தேன். டிக்கெட் கிழித்துப் பழகிய விரல் என்பதால் தாளை மடிப்பது எனக்குச் சிரமமாக இல்லை. வெட்டும்போதுதான் கை நின்றது. முருகன் முகத்தில் கத்திரி படாமல் சுற்றிக்கொண்டு போனேன். பெயர்கள் வெளியே தெரிகிற மாதிரி மடித்தேன். ஒரு ஓரம் கோணலாகத்தான் வந்தது. கரண்டியின் முதுகால் மடிப்பை அழுத்தி, மேலே அரிசிப் பாத்திரத்தைத் தூக்கி வைத்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்கு மதியம் போனது தெரியாமல் போயிற்று.

கல்யாணம் செம்பட்டிப் பக்கம் ஒரு மண்டபத்தில். உள்ளே நுழைந்ததும் என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நானே என் மனைவி பெயரைச் சொல்லி, அவளுடைய வீட்டுக்காரர் என்றேன். உடனே கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மொய் மேஜையில் ஒருவர் லேப்டாப் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாங்கிய கவரைக் கிழித்துப் பணத்தை எடுப்பது, பெயரைக் கேட்டு அடிப்பது, ரசீதை நீட்டுவது என்று மெஷின் மாதிரி வேலை நடந்தது. என் கவரும் அவர் கைக்குப் போனது. ஒரு இழுப்பில் கிழித்தார். பணத்தை எடுத்துக்கொண்டு கவரை மேஜைக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டியில் போட்டார். “அடுத்த ஆளு வாங்க.”

நான் ரசீதோடு ஓரமாக நின்றேன். கிழித்த கவர்களை அவர் வேறு என்ன செய்வார்? இருந்தாலும் அங்கிருந்து நகர முடியவில்லை. கூட்டம் கொஞ்சம் விலகியதும் குனிந்து அந்தப் பெட்டிக்குள் கையை விட்டேன்.

“என்ன தம்பி தேடுறீக?”

மேஜைக்குப் பின்னால் சுவரோரமாக நாற்காலி போட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வெளிர் நிறச் சேலை, நெற்றியில் திருநீறு. மணமேடைப் பக்கம் போகாமல் தள்ளி உட்கார்ந்திருந்ததிலேயே யார் என்று எனக்குப் பிடிபட்டது. அந்தப் பழைய பத்திரிகையில் பெண்ணின் தகப்பனாராகப் பெயர் போட்டிருந்தவரின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிட வேண்டிய முறை.

கிழிந்த கவரை எடுத்து அவரிடம் நீட்டினேன். “ஒன்னுமில்லக்கா. இந்தக் கவர் நான் செஞ்சது.”

கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். விரல் ஒரு இடத்தில் நின்றுவிட்டது.

“இது எங்க வீட்டுக்காரர் பேருல்ல?”

“ஆமாக்கா. உங்க மக கல்யாணப் பத்திரிகை.”

“எங்கிட்டக்கூட ஒன்னு இல்லயே தம்பி. ஓட்டு வீட்டப் பிரிச்சுக் கட்டும்போது எல்லாம் எங்கிட்டோ போயிருச்சு. உங்ககிட்ட எப்படி?”

“அவ வச்சிருந்தா.”

அக்கா மறுபடி அந்தத் தாளைப் பார்த்தார். கிழிந்த இடத்தை விரலால் சேர்த்துப் பிடித்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார். “அந்தக் கல்யாணத்துல பந்தி விசாரிக்க ஆளு பத்தல. உங்க வீட்டுக்காரிதான் சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு மோர் வாளியத் தூக்கிட்டா. கடைசிப் பந்திக்குள்ள சேலை முழுக்க மோரு. எங்க வீட்டுக்காரரு, தங்கச்சிய ஒரு பந்தியிலயாவது உக்கார வையுங்கடான்னு சத்தம் போட்டாரு. அவ நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போயிட்டா, சண்டாளி.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

எனக்கு இது தெரியாது. அன்றைக்கும் வீட்டுக்கு வந்து சொல்லியிருப்பாள். நான் கேட்காத பாதியில் போயிருக்கும்.

அக்கா அந்தக் கிழிந்த கவரை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “செத்த நேரம் இருங்க, பந்தி காலியாகட்டும், சேர்ந்து சாப்பிடுவோம்” என்றார். சேர்ந்து சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு, ஒரு விசேஷம் வந்தால் முதல் வேலையாகப் பெட்டியைத் திறப்பேன். அழைக்கிற வீட்டின் பழைய பத்திரிகை ஏதாவது இருக்கிறதா என்று தேடுவேன். பெரும்பாலும் இருக்கும். மொய்க் கவராகச் செய்தால் கிழிபடுகிறது என்று தெரிந்ததால், பணத்தைத் தனியாகக் கொடுத்துவிட்டு, பத்திரிகையில் வேறு ஏதாவது செய்து வீட்டுக்காரர்கள் கையில் கொடுத்தேன். குங்குமம் வைக்கச் சின்னப் பெட்டி, போட்டோ வைக்கிற சட்டம், பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் வைக்கிற அட்டை. எதையும் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. முதலில் கடை அட்டையில் வெட்டிப் பார்ப்பேன். நாலு தடவை கெட்டுப்போனால் ஐந்தாவது தடவை ஓரளவு வரும். வெல்வெட் ஒட்டிய அட்டை மடிந்து கொடுக்காது. ரோஸ் தாள் பசையில் நனைந்தால் மை கலங்கிவிடும். இதெல்லாம் கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டதுதான். அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கைவேலை என்று பார்த்ததும் தெரியும்.

ஆனால் ஒவ்வொன்றையும் கையில் வாங்கியவர்கள் எனக்கு ஏதாவது சொன்னார்கள். கேட்காமலே சொன்னார்கள். சாணார்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு காதுகுத்துக்கு, குழந்தையின் அப்பா அம்மா கல்யாணப் பத்திரிகையை வெட்டிக் கிளிகளாக மடித்து, தொட்டிலில் தொங்கவிடும்படி நூலில் கோர்த்துக் கொண்டுபோனேன். குழந்தையின் அப்பா அதைப் பார்த்துவிட்டு, “சித்தப்பா, ஒரு நிமிஷம்” என்று போனை எடுத்துத் தேடினான். அவன் கல்யாண வீடியோ. தாலி கட்டுகிற நேரத்தில் வீடியோ எடுப்பவர் குறுக்கே நின்று எல்லோரையும் மறைத்துவிடுகிறார். திடீரென்று ஓரத்திலிருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை வந்து அவருடைய சட்டையைப் பிடித்து இழுக்கிறது. படம் ஒரு ஆட்டம் ஆடுகிறது. அவ்வளவுதான், கை மறைந்துவிடுகிறது.

“சித்திதான். பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்குத் தெரியல, தள்ளுய்யான்னு ஒரு அதட்டு. இன்னைக்கும் இதப் போட்டுப் போட்டுச் சிரிப்போம்.”

இன்னொரு தடவை போடச் சொன்னேன். போட்டான். மூன்றாவது தடவை நான் கேட்காமலே போட்டான். எனக்கு அனுப்பியும் வைத்தான். அது இப்போதும் என் போனில் இருக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. ஒரு சடங்கு வீட்டில், பெண்ணின் அம்மாவிடம் அவளுடைய கல்யாணப் பத்திரிகையில் செய்த குங்குமப் பெட்டியைக் கொடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்தாள். மூடியில் இருந்த பெயர்களைப் படித்ததும் முகம் இறுகியது. “வேணாம் மாமா. நீங்களே வச்சுக்கங்க” என்று திருப்பிக் கொடுத்தாள். குரலில் கோபம் இல்லை. அவளும் வீட்டுக்காரனும் பிரிந்து பல வருடமாகிறது என்பதைப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் மனைவி இருந்திருந்தால் கிளம்பும்போதே சொல்லியிருப்பாள். அதன் பிறகு எங்கே போவதாக இருந்தாலும் முதலில் யாருக்காவது போன் போட்டு அந்த வீட்டு நிலவரத்தை விசாரித்துக்கொள்வேன். அப்படி விசாரித்ததில் எனக்குச் சொந்தக்காரர்கள் பலரோடு பேச்சு வார்த்தை ஏற்பட்டது. அதுவரை பொங்கலுக்குக்கூட நான் அவர்களோடு பேசியதில்லை.

இதையெல்லாம் நான் மகளிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, சொல்லத் தோன்றவில்லை. ஒருநாள் அவள் வீடியோ காலில் கூப்பிட்டபோது, என்னைச் சுற்றித் தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்துவிட்டாள்.

“என்னப்பா அது? அம்மாவோட பத்திரிக்கையா? வெட்டுறீங்களா?”

“சும்மா ஒரு பெட்டி செய்யுறேன்மா. சாமி முகத்துல கத்திரி படாமத்தான்.”

“அம்மா அம்புட்டு வருசம் பத்திரமா வச்சிருந்தத, உக்காந்து வெட்டிட்டு இருக்கீங்க?”

“நீதான பேப்பர்காரருக்குப் போடச் சொன்ன?”

“போடுறது வேறப்பா. வெட்டுறது வேற.”

போனை வைத்துவிட்டாள். எனக்கும் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து யோசித்துப் பார்த்தால், அவள் சொன்னது புரிகிற மாதிரி இருந்தது, எப்படி என்று விளக்கத்தான் முடியவில்லை. அதன் பிறகு சில நாள் அவள் பேசவில்லை. மாப்பிள்ளைதான் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா மாமா என்று விசாரித்தார். நான் அந்த நாட்களில் கத்திரியைத் தொடவில்லை.

பிறகு அவளே கூப்பிட்டாள். “அந்த வளையல் வீடியோவ எனக்கும் அனுப்புங்கப்பா. செம்பட்டி அண்ணி சொன்னாங்க” என்றாள். தாம்பாளத்தோடு பத்திரிகை வைக்க வந்த அந்தப் பெண்ணைத்தான் சொன்னாள்; அவளுக்கு நான் வீடியோவை அனுப்பியிருந்தேன். அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, “பெட்டி எப்படிப்பா செய்யுறீங்க, மூடி கழண்டு வராதா?” என்று கேட்டாள். ஒரு ஓரத்தை மட்டும் வெட்டாமல் பத்திரிகையோடு விட்டுவிட்டால் கழலாது என்று சொன்னேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

பெட்டிகளைத் தினம் புரட்டியதில் இரண்டையும் அடிவரை பார்த்துவிட்டேன். மகளின் கல்யாணப் பத்திரிகை கட்டாகவே இருந்தது, மிச்சமானவை. எங்கள் கல்யாணப் பத்திரிகை மட்டும் இல்லை. முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு பார்த்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அடுத்தவர் வீட்டுப் பத்திரிகைதான் நம் வீட்டுக்கு வரும். நம் வீட்டுப் பத்திரிகை ஊருக்கெல்லாம் போய்விடும். போகிற விசேஷங்களில் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். சிலர் உண்மையாகவே பரணில் ஏறித் தேடினார்கள். யாரிடமும் இல்லை.

சாணார்பட்டியில் இருக்கும் என் அக்காவிடம் கேட்டேன். “ரோஸ் கலரு” என்றாள். எனக்கு மஞ்சள் என்றுதான் ஞாபகம். “மஞ்சளா? ஏலே, உனக்கு என்ன தெரியும்? நீ அப்ப பஸ்ஸே கதின்னு கெடந்த. அப்பா ரோஸ் கலருதான் சொல்லிட்டு வந்தாரு. மேல முருகன், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மயிலு. கீழ மாமன் மச்சான் பேரெல்லாம் போட்டு, எடம் பத்தாம எழுத்து பொடிசாப் போயிருச்சு. அவ அப்பா பேர விட நம்ம அப்பா பேரு பெரிசா விழுந்துருச்சுன்னு சம்பந்தி வீட்டுல கொஞ்சம் வருத்தம்.”

இவ்வளவு நடந்திருக்கிறது. எனக்கு அந்தக் கல்யாணத்தில் மாலையின் பாரமும், வெயிலும், பக்கத்தில் அவள் கை வியர்த்திருந்ததும்தான் நினைவில் இருக்கின்றன.

முதல் வருட திதிக்கு மகள் தனியாக வந்தாள். அய்யர் வந்து காரியம் முடித்துப் போன மறுநாள், சாப்பாட்டு மேஜையில் நான் ஒரு ரோஸ் தாளை விரித்தேன். கடை கடையாக அலைந்து, பஜாரில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் அந்த நிறம் கிடைத்திருந்தது. “நம்மளே ஒன்னு எழுதிருவோமா?” என்று கேட்டேன். எதை என்று அவள் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சாணார்பட்டி அத்தையிடம் போனில் கேட்டுக் கேட்டு அவள் மயில் வரைந்தாள். முதல் மயில் கோழி மாதிரி வந்தது. இரண்டாவது அதைவிடப் பெரிய கோழி. “தோகையப் போட்டுட்டா தெரியாதுப்பா” என்று சொல்லித் தோகையைப் போட்டாள். கோழிக்குத் தோகை முளைத்த மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தோம். அந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்து ஒரு வருடம் இருக்கும்.

எழுத்து என் வேலை. என் பெயருக்கு முன்னால் திருநிறைச்செல்வன் என்று எழுதும்போது மகள் எட்டிப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுத்த வரியில் திருவளர்ச்செல்வி என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். அவள் பெயரை நான் கடைசியாக எழுதியது இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோது. அங்கே அந்தப் பெயருக்கு முன்னால் வேறு சொல் இருந்தது. பேனாவை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மகள் தாள் பறக்காமல் ஓரத்தில் கையை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்து பெயரை எழுதினேன். என் மாமனார் பெயரையும் என் அப்பா பெயரையும் அளவெடுத்த மாதிரி ஒரே உயரத்தில் எழுதினேன்.

மாமன் மச்சான் பெயர்களுக்கு எங்களுக்கும் இடம் பத்தவில்லை. பின்பக்கத்தில் தொடர்ந்தோம்.

முடித்ததும் மகள் சமையலறைக்குப் போய் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். வந்தவள், கிண்ணத்தை வைத்துக்கொண்டு தயங்கினாள். “மஞ்சள் வைக்கலாமாப்பா? துக்க வீடு…”

“வருசம் முடிஞ்சிருச்சும்மா. வையி.”

விரலால் தொட்டு நாலு மூலையிலும் வைத்தாள். ஒரு மூலையில் கூடுதலாகிவிட்டது. தனக்கும் ஒன்று வேண்டும், திருப்பூருக்குக் கொண்டு போகிறேன் என்றாள். மறுபடி தாள் வெட்டி, மறுபடி மயில் வரைந்து, இன்னொன்று எழுதினோம். அதில் மயில் கொஞ்சம் மயில் மாதிரி வந்தது. நல்லதை நீ எடுத்துக்கொள் என்றேன். அவள் கோழி இருந்ததைத்தான் எடுத்தாள்.

இரண்டையும் மின்விசிறிக்கு அடியில் காய வைத்திருந்தபோது பாய் வீட்டம்மா கிண்ணத்தோடு வந்தார். குனிந்து, வாய்க்குள்ளேயே முழுவதும் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, “முகூர்த்தம் எத்தனை மணிக்குண்ணே? நாங்க குடும்பத்தோட வந்திருவோம்” என்றார். சொல்லிவிட்டுத் தப்பாகப் பேசிவிட்டோமோ என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

“வந்துட்டீங்கல்லக்கா, உக்காருங்க. இலை போடுறேன்” என்றாள் மகள்.

அவர் மறுத்தார், கடைக்குப் போகிற நேரம் என்றார், பிறகு உட்கார்ந்துவிட்டார். மேஜையில் ரோஸ் துண்டுகளும் பசையும் கிடந்ததால் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாம்பாரில் மகள் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருந்தாள். நான் இரண்டாவது தடவையும் சோறு வாங்கிக்கொண்டேன்.